சின்னவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப்

என் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். பிள்ளைப்பாக்கத்தில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் தாங்களும் இப்படிக் கட்டி விட்டிருப்பதாகத்தான் சொல்வார்கள். நான் கட்டியபோது எங்கள் தெருவில் வேறு யாரும் கட்டவில்லை. ஒவ்வொன்றும் ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல் மேடை. ஆறு அறைகளுக்கும் முன்னால் பொதுவாக ஒரு நடை. நடையின் கோடியில் மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு. குடியிருப்பவர்கள் எல்லோரும் கம்பெனி ஆட்கள். ஏதாவது வேண்டுமென்றால் அவர்கள்தான் என் வாசலுக்கு வர வேண்டும். நான் அவர்கள் அறைக்குப் போவதில்லை. அது ஆரம்பத்திலிருந்தே என் வழக்கம்.

முதல் அறையில் சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம். அப்பன்காரன் ஒரகடத்தில் வண்டிக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறான். அம்மாக்காரி வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பிள்ளைகள் இரட்டைப் பெண்கள். இரட்டை என்றால் முகம் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு அப்படி இல்லை. முதலில் பிறந்தவள் உயரம், பேச்சு குறைவு. அடுத்தவள் குட்டை, வாய் ஓயாது. நான் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டேன். எங்கள் பக்கம் ஆயா என்பார்கள், அவர்கள் ஆச்சி என்றார்கள். அதுவும் மரியாதையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

பத்தாவது பரீட்சைக்கு முன்னால் விடுமுறை விட்ட நாட்களில் அப்பன்காரனுக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்துவிட்டு, கண்மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பான். அறை ஒன்றே ஒன்றுதான் என்பதால் பெண்கள் இரண்டு பேரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்துவிடுவார்கள். சின்னவள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். பெரியவள் கோடியில் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். கோலம் போட்டுப் பழகுகிறாள் என்று நினைத்தேன்.

"படிக்கிற சத்தம் உனக்குத் தூக்கத்தைக் கெடுக்கலயா?" என்று ஒருநாள் அவனைக் கேட்டேன்.

"அது நின்னாத்தான் ஆச்சி முழிப்பு வருது. மோட்டார் சத்தம் மாதிரி, ஓடிக்கிட்டே இருந்தா தூங்கிருவேன். சின்னவ என்னமா படிக்கா. கணக்கைக்கூட புஸ்தகத்தைப் பாக்காம சொல்லுதா."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வாத்தியார் முன்னால் நின்று உரக்கச் சொன்னால்தான் எங்களுக்குப் பாடம். வாய் அசையாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவள் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அவனும் அப்படித்தான் நினைத்தான், அவன் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். அந்த வரிசையில் வேறு மாதிரி நினைத்தவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ரிசல்ட் வந்தது. இரண்டு பேரும் பாஸ். மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்று. மற்றவர்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் மோட்டார் போடுகிற நேரத்தில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது அதைச் சொன்னான்.

"சின்னவ வாங்கினா சரி, அவ படிச்சா. பெரியவ எப்படி வாங்கினா? ஒரு நாளாவது அவ படிச்சு நான் கேட்டதில்ல. பரீட்சை ஹால்ல ரெண்டு பேரும் முன்னாடி பின்னாடி உக்காந்திருக்காளுவ. தங்கச்சியப் பாத்து எழுதியிருக்கா, வேற என்ன?"

பெரியவள் அங்கேயேதான் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் பாத்து எழுதலப்பா" என்றாள். சின்னவளும் "இல்லப்பா, அவ அப்படிச் செய்யல" என்றாள். தங்கை அக்காவுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அவன் அதை எடுத்துக்கொண்டான்.

"இனி ஒரே கிளாஸ்ல ரெண்டு பேரும் வேண்டாம்" என்றான். "சின்னவ ஃபர்ஸ்ட் குரூப். கணக்கு, சயின்ஸ் எடுத்து இன்ஜினியர் ஆகட்டும். பெரியவ தேர்டு குரூப். வரலாறு, வணிகம்னு ஏதோ அவளால முடிஞ்சதைப் படிக்கட்டும்."

பதினொன்றாம் வகுப்பில் பாடங்களைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்த மாதிரியே நின்றேன்.

பக்கத்து அறைப் பையன்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவன் சிரித்தான். "அண்ணே, நான் டிப்ளமோ மெக்கானிக்கல். இவன் பி.ஏ. தமிழ். ரெண்டு பேரும் ஒரே லைன்ல ஒரே போல்ட்டைத்தான் முடுக்கிக்கிட்டு இருக்கோம். என்ன குரூப் எடுத்து என்ன?"

"ஒரே போல்ட்டுதான்" என்றான் மற்றவன். "இவன் முடுக்குறது லூசா இருக்குன்னு நான்தான் திரும்ப முடுக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. "அப்பா, எனக்குக் கணக்கு வேணும்" என்றாள்.

"புஸ்தகத்தையே தொடுறதக் காணோம், கணக்கு வேணுமாம்" என்றான் அவன். குடம் நிரம்பி வழிந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது.

பள்ளிக்கூடம் திறந்தது. முதலில் சில நாட்கள் சின்னவளின் குரல் பழையபடியே கேட்டது. கணம், உட்கணம், சார்பு என்று எனக்குப் புரியாத வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கியது. நடுவில் நின்று நின்று ஓடியது. நான் மாடியில் வடாம் காயப் போட்டிருந்தேன், எடுக்கப் போனபோது இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் செங்கல் துண்டால் தரையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முழங்காலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றீங்க?"

"அவளுக்கு வீட்டுக்கணக்கு ஆச்சி. சொல்லித் தர்றேன்" என்றாள் பெரியவள்.

"தேர்டு குரூப்காரி நீ, ஃபர்ஸ்ட் குரூப்காரிக்குச் சொல்லித் தர்றியா?"

"பத்தாவதுல இருந்தே இவதான் சொல்லித் தருவா ஆச்சி" என்றாள் சின்னவள். "நான் அதை அப்படியே மனசுல ஏத்திக்குவேன். இவளுக்கு வரலாறு நான் சொல்லுவேன். வரலாறு எனக்கு ஒரு தடவை படிச்சா போதும், கதை மாதிரி வந்துடும்."

இதை அவர்கள் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. நானும் வடாத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். பெற்றவர்கள் விஷயம், எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன பரீட்சை வைத்தார்கள். சின்னவள் கணக்கில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் வாங்கவில்லை. வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வரும்படி கணக்கு டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அவனுக்கு நைட் ஷிப்ட், பகலில் எழுப்ப முடியாது. அம்மாக்காரி பர்மிஷன் போட்டுவிட்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ஆச்சி, நீங்களும் கூட வாங்களேன். டீச்சர்மாரு முன்னாடி எனக்கு வாயே வராது."

எனக்கும் பள்ளிக்கூட ஆபீஸ் அறைக்குள் போய்ப் பழக்கமில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். டீச்சர் உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

டீச்சர் சின்ன வயசுப் பெண்தான். கோபமாகப் பேசவில்லை.

"சின்னவ கணக்குப் பேப்பர்ல கேள்வியையே திரும்ப எழுதி வெச்சிருக்காம்மா. எழுத்து முத்து முத்தா இருக்கு. பதில்தான் இல்ல."

"அவ எந்நேரமும் சொல்லிக்கிட்டேதான இருக்கா டீச்சர்" என்றாள் அம்மாக்காரி.

"சொல்றா. எங்கிட்டயும் சொன்னா. புக்ல இருக்கற கணக்கை ஒரு எழுத்து மாறாம சொல்றா. அதையே கொஞ்சம் மாத்திக் குடுத்தா நின்னுடறா. பெரியவளுக்குத்தான்மா கணக்கு வருது. இவ தேர்டு குரூப் கிளாஸ்ல உக்காந்துகிட்டு, பக்கத்து கிளாஸ்ல நான் நடத்தறதைக் கேட்டுகினு இருக்கா. உங்க ஸ்டூடன்ட் ஒண்ணு எங்கிட்ட வந்து உக்காந்திருக்குன்னு வரலாறு சாரே என்னைக் கேட்டுட்டாரு."

"அப்போ மாத்தி வுட்டுடுங்களேன்மா" என்றேன். "அதுல இன்னா கஷ்டம் கீது?"

"ஃபர்ஸ்ட் குரூப்ல இடம் ஃபுல்லுங்கம்மா. ஒருத்தி எழுந்தாத்தான் இன்னொருத்தி உக்கார முடியும். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் மாத்திக்கறேன்னு சொன்னா, எச்.எம். ஒத்துக்கறாங்க. ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும், அப்பா வந்து கையெழுத்துப் போடணும். இந்த வாரம் முடியறதுக்குள்ள. அப்புறம் பேரு ஆன்லைன்ல ஏறிடும், யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். பெரியவள் உடனே சரி என்றாள். சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"நான் எழுந்திருக்க மாட்டேன் மிஸ்" என்றாள்.

அம்மாக்காரி பதறிப் போனாள். டீச்சர் யோசித்துச் சொல்லு என்று அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாக்காரி முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பித் திட்டிக்கொண்டு வந்தாள். பென்னலூர் தாண்டியதும் அவளுக்கே அலுத்துவிட்டது. அப்புறம் சின்னவள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா கம்பெனி பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு ஆச்சி, சின்னவ இன்ஜினியர்னு. அந்த அண்ணன்மாருங்க எல்லாம் என்னை ரோட்ல பாத்தா இன்ஜினியர் மேடம்னு கூப்பிடறாங்க. இப்போ போயி இன்னான்னு சொல்றது?"

எனக்கு அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் பார்க்க ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டவளை எழுந்திரு என்றால், அவள் எப்படி எழுந்திருப்பாள்? நானாக இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இறங்கி நடக்கும்போது என்னோடு சேர்ந்துகொண்டாள்.

"இந்த வாரம் போச்சுன்னா அவ்ளோதான் ஆச்சி" என்றாள். "பிளஸ் டூவுல கணக்கு இல்லாம அப்புறம் இன்ஜினியரிங்கும் இல்ல, கணக்கு டிகிரியும் இல்ல. எனக்கு அது வேணும்."

"தங்கச்சிகிட்ட கேளேன்."

"கேட்டா குடுப்பா. அழுதுகிட்டே குடுப்பா. அதான் கேக்கல."

அன்று சாயங்காலம் அவன் எழுந்து தேநீர் குடிக்கிற நேரத்துக்கு அம்மாக்காரி விஷயத்தைச் சொன்னாள். நான் என் பின் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அவன் நம்பவில்லை. நடைக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டீங்களா ஆச்சி கதையை? சின்னவளுக்குக் கணக்கு வரலியாம். ஏட்டி சின்னவளே, இங்க வா. அந்த உட்கணம் கணக்கைச் சொல்லு. நெதம் சொல்லுவியே."

சின்னவள் வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏ, பி, சி என்று மூன்று உறுப்பு இருக்கிற கணத்தில் எத்தனை உட்கணம் வரும் என்று ஆரம்பித்தாள். "ஏ, பி, சி, ஏ பி, பி சி, ஏ சி, ஏ பி சி, வெற்றுக்கணம், ஆக மொத்தம் எட்டு" என்று கோயிலில் போற்றி சொல்வதுபோல் முடித்தாள். ஓரிடத்தில்கூடத் தட்டவில்லை.

"பாத்தீங்களா" என்றான் அவன். பக்கத்து அறைப் பையன்கள் அப்போதுதான் வேலை விட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் பார்த்து, "பாத்தீகளாடே" என்றான்.

படிக்கட்டிலிருந்து பெரியவளின் குரல் வந்தது. "அப்பா, சி-யோட நிறுத்தாம டி, ஈ வரைக்கும் இருந்தா எத்தனை வரும்னு கேளுங்க."

அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, சின்னவளே ஆரம்பித்துவிட்டாள். "ஏ, பி, சி, டி, ஈ, ஏ பி, பி சி, ஏ சி…" நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். நாக்கு தானாகவே பழைய வழியில் போய், "ஏ பி சி, வெற்றுக்கணம், ஆக மொத்தம் எட்டு" என்று முடிந்தது. சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்தது. முகம் சிறுத்துப் போயிற்று.

அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமாட்டி?" என்று பெரியவளைக் கேட்டான்.

"முப்பத்திரண்டு."

அது சரியா தப்பா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டிப்ளமோ படித்த பையனைப் பார்த்தான்.

"எனக்கு அதெல்லாம் மறந்து போச்சுண்ணே" என்றான் பையன். "ஆனா அவ சொன்ன வேகத்தைப் பாத்தா சரியாத்தான் இருக்கும்."

அப்பன்காரன் நடையிலேயே உட்கார்ந்துவிட்டான். தேநீர் ஆறியது. அப்புறம் பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"எங்க லைன்ல ஒரு பய இருந்தான். கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவான், அவ்வளவு வேகம். மாடல் மாத்தின அன்னைக்குக் கை பழைய எடத்துக்கே போகுது. போல்ட்டே இல்லாத எடத்துல முடுக்கிக்கிட்டு இருக்கான்."

"அவனை என்ன செஞ்சாங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"பேக்கிங்ல போட்டாங்க. அங்க இப்ப அவன்தான் லீடர். அவனை மிஞ்ச ஆள் கிடையாது."

அப்படி ஒருவன் உண்மையிலேயே இருந்தானா என்று நான் கேட்கவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ல சொல்லக் கூடாது" என்றாள்.

"என்னத்தை?"

"எனக்குக் கணக்கு வராதுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு வரலாறு பிடிச்சிருக்கு, அதனால மாறிட்டேன்னு சொல்லணும்."

"பிடிச்சிருக்கா?"

"பிடிக்கும்."

"அப்ப அது பொய் இல்லையே. சொல்லுதேன்" என்றான்.

உள்ளே போகும்போது சின்னவள் அக்கா பக்கம் திரும்பினாள். "எல்லார் முன்னாடியும் ஏன்டி கேட்ட?"

"வேற எப்படிக் கேக்கறது?" என்றாள் பெரியவள்.

மறுநாள் காலையில் அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபார்மைக்கூட மாற்றாமல் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனான். எச்.எம். அறையில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாமல் கையெழுத்துப் போட்டானாம். டீச்சர் சின்னவளிடம், உனக்கு உண்மையிலேயே சம்மதமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவள் சம்மதம் என்றிருக்கிறாள். அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. ஆனால் அக்காவோடு பேசவும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள், குழம்பு வேண்டுமானால்கூட அம்மாவிடம் சொல்லித்தான் ஒருத்திக்கொருத்தி கேட்டுக்கொண்டார்கள். பெரியவளும் வலியப் போய்ப் பேசவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதற்கு இது கூலி என்று நினைத்தாளோ என்னவோ. அந்த வீட்டில் நால்வருக்கும் ரோஷம் அதிகம். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

பேர் மாறியது திங்கட்கிழமை. அன்று காலை பெல் அடித்ததும் இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு வகுப்பிலிருந்து வகுப்புக்கு மாறியிருக்கிறார்கள். நடுவில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் எதிரெதிராக வந்துவிட்டார்கள். சாயங்காலம் சின்னவள்தான் என்னிடம் வந்து சொன்னாள்.

பெரியவள் ஒதுங்கி வழி விட்டாளாம். சின்னவள் தாண்டிப் போனவள், திரும்பி வந்து நின்றாளாம்.

"ரெண்டாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம்" என்று சொன்னாளாம். "மேல ஃபேன் சுத்தாது. மிஸ்கிட்ட சொல்லிட்டேன், ரிப்பேர் பண்ணுவாங்க."

பெரியவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாளாம். பிறகு, "என்னுது கடைசி பெஞ்சு" என்றாளாம். "மழை வந்தா சாரல் அடிக்கும். நீ முன்னாடி தள்ளி உக்காந்துக்கோ."